டச் பார்: பெயர் ஒல்லாந்தருடையது, பேச்சு போர்த்துக்கேயருடையது

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்லடிப் பாலத்தைக் கடந்து, கிழக்கே கடற்கரையை நோக்கிச் சென்றால் ‘டச் பார்’ என்றோர் இடம் வரும். பெயர்ப்பலகையை முதன்முறையாகக் காணும் வெளியூர் இளைஞர்கள், ஏதோ மதுக்கடையின் விளம்பரம் என்று எண்ணிச் சிரிப்பதுண்டு. உண்மையில் இந்தப் ‘பார்’ ஒரு மணல் திட்டு. வாவியின் நீரும் கடலின் அலையும் எதிர்கொள்ளும் இடத்தில் குவியும் மணலை ஆங்கில மாலுமிகள் அவ்வாறு அழைத்தனர். நம்முடைய கடலோடிகளும் கடலடித் திட்டைப் ‘பார்’ என்றே சொல்வார்கள். மன்னார்க் கடலின் முத்துப் பார்களை அறியாதவர் யார்?

வரைபடத்தைப் பார்த்தால் இந்த இடத்தின் இயல்பு விளங்கும். ஏறாவூரிலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம்வரை ஐம்பது கிலோமீற்றருக்கும் மேலாக நீண்டு கிடக்கிறது மட்டக்களப்பு வாவி. அதற்கும் வங்கக் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய மணல் நிலமொன்று ஓடுகிறது. கல்லடி, டச் பார், திருச்செந்தூர், நாவலடி ஆகியன அந்த மணலில் அமைந்த குடியிருப்புகள். வடக்கே முகத்துவாரம். அதற்கு அப்பால் பாலமீன்மடுவில் 1913ஆம் ஆண்டு கட்டப்பட்ட வெளிச்சவீடு. ஒரு பக்கம் அலையோசை, மறு பக்கம் ஓசையே இல்லாத நீர். நண்பகலில் சென்றால் சவுக்கு மரங்களின் இரைச்சலும், எங்கோ ஒரு தோணியில் துடுப்புப் படும் சத்தமும் தவிர வேறொன்றும் காதில் விழாது.

மட்டக்களப்பு என்றதும் எல்லோரும் பாடும் மீனைப் பற்றியே எழுதுகிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எமர்சன் டெனன்ற் எழுதிவைத்தது முதல் அந்தப் புகழ் குறையவில்லை. நான் எழுத வந்தது வேறொரு குரலைப் பற்றி. டச் பாரில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களுள் பெரும்பகுதியினர் பறங்கியர். ஊரின் பெயரில் இருப்பவர் ஒல்லாந்தர். ஆனால் அந்த வீடுகளுக்குள் பேசப்பட்ட மொழி ஒல்லாந்தருடையது அன்று. ஒல்லாந்தர் படை நடத்தி விரட்டிய போர்த்துக்கேயருடையது. வென்றவன் பெயர் பலகையில் நிற்க, தோற்றவன் மொழி அடுப்படியில் நின்றது எப்படி? இந்தக் கேள்வி என்னை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து வருகிறது.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

இலங்கையில் ஒல்லாந்தர் முதலில் கால் வைத்த கரை மட்டக்களப்புக் கரையே. 1602ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் இங்கே நங்கூரமிட்டார். இங்கிருந்து கண்டிக்குச் சென்று முதலாம் விமலதர்மசூரியனைச் சந்தித்தார். போர்த்துக்கேயரை விரட்ட ஒரு துணை கிடைத்ததென்று மன்னன் மகிழ்ந்தான். அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அடுத்து வந்த தளபதி செபால்ட் டி வேர்ட், கடலில் பிடித்த போர்த்துக்கேயரை விடுவித்ததும், மன்னனிடம் வாய்த்துடுக்காகப் பேசியதும் வினையாயின. 1603இல் இதே மட்டக்களப்பில் அவரும் அவருடைய ஆட்கள் பலரும் வெட்டிக் கொல்லப்பட்டனர்.

போர்த்துக்கேயர் விழித்துக்கொண்டனர். 1628இல் புளியந்தீவில் கோட்டை எழுப்பினர். இன்றும் வாவிக் கரையில் தடித்த சுவர்களோடு நிற்கும் கோட்டையின் தொடக்கம் அதுதான். பத்தே ஆண்டுகள். 1638 மே 18ஆம் நாள், இரண்டாம் இராசசிங்கனின் படையும் அட்மிரல் வெஸ்டர்வோல்டின் கப்பல்களும் சேர்ந்து அதைப் பிடித்தன. இலங்கையில் ஒல்லாந்தர் கைக்கு வீழ்ந்த முதல் போர்த்துக்கேயக் கோட்டை இதுவே. ஐந்து நாள் கழித்து, மே 23ஆம் நாள், கண்டியரசனும் ஒல்லாந்தரும் மட்டக்களப்பிலேயே உடன்படிக்கை செய்துகொண்டனர். அதன் பிறகு இருபது ஆண்டுகளில், 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையும் வீழ, இத்தீவில் போர்த்துக்கேய ஆட்சி முடிந்தது.

ஆட்சி முடிந்தது, பேச்சு முடியவில்லை. இங்கேதான் கதை சுவையாகிறது.

போர்த்துக்கேயச் சிப்பாய்களும் அவர்களோடு வந்தவர்களும் உள்ளூர்ப் பெண்களை மணந்து பெற்ற பிள்ளைகள் கரையோரப் பட்டினங்களில் எல்லாம் இருந்தனர். அவர்களின் கலப்பு மொழி அப்போது துறைமுகங்களின் பொதுமொழியாக இருந்தது. மலாக்காவிலிருந்து கொச்சி வரை, வணிகனும் மாலுமியும் அடிமையும் அதில்தான் பேசிக்கொண்டார்கள். ஒல்லாந்தக் கம்பனி அதை ஒழிக்க எண்ணியது. ஒல்லாந்த மொழி பேசத் தெரியாத அடிமைகளின் தலையை மழிக்க வேண்டும் என்று கொழும்பில் கட்டளை பிறந்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். கட்டளை ஏட்டில் கிடந்தது. கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்த அதே ஆட்சியில், சீர்திருத்தத் திருச்சபைப் போதகர்கள் தங்கள் மந்தையோடு பேசுவதற்காகப் போர்த்துக்கேய மொழியிலேயே பிரசங்கம் செய்ய வேண்டியதாயிற்று.

காரணம் எளிமையானது. கம்பனியின் கப்பலில் வந்தவர்கள் ஆண்கள். அவர்களில் ஒல்லாந்தர் மட்டுமன்றி ஜேர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் வேறு நாட்டாரும் இருந்தனர். அவர்கள் மணந்துகொண்ட பெண்கள், பெரும்பாலும் போர்த்துக்கேய வழி வந்த குடும்பங்களின் பெண்கள். தகப்பன் காலையில் கோட்டைக்குப் போய்விடுவான். பிள்ளை தாயின் மடியில் கிடந்து மொழி கற்றது. அதனால்தான் மட்டக்களப்புப் பறங்கியரிடையே அவுட்ஸ்கோர்ன், பார்தலோட் போன்ற, போர்த்துக்கேயச் சாயல் இல்லாத குடும்பப் பெயர்கள் இருக்கின்றன. பெயர் தகப்பன் வழி. மொழி தாய் வழி.

இதை வேறெங்கும் சொல்வதைவிட மட்டக்களப்பில் சொல்வது பொருத்தம். இந்த மண்ணில் ‘குடி’ என்பதே தாய் வழியில் வருவது. இன்ன குடி என்று ஒருவரைக் கேட்டால் அவர் தாயின் குடியையே சொல்வார். வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளை மனைவி வீட்டுக்கு வருவான். தமிழரும் முஸ்லிம்களும் இந்த வழக்கத்தைக் கைக்கொண்டிருக்க, அவர்களுக்கு நடுவே வாழ்ந்த பறங்கியர், அறிந்தோ அறியாமலோ, தங்கள் மொழியைத் தாய்வழிச் சொத்தாகவே காத்தனர்.

ஆங்கிலேயர் வந்த பின்னர் பறங்கியர் இரு பிரிவாயினர். கொழும்பிலும் காலியிலும் இருந்த வசதி படைத்தவர்கள் ஆங்கிலம் கற்று எழுதுவினைஞராகவும் வழக்கறிஞராகவும் உயர்ந்தனர். 1907இல் தங்களுக்கெனத் தனிச் சங்கம் கண்டு, ஒல்லாந்த வம்சாவளியை நிறுவினாலன்றி உறுப்புரிமை இல்லை என்றனர். மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் இருந்தவர்கள் தச்சராகவும் கொல்லராகவும் சப்பாத்துத் தைப்பவராகவும் தையற்காரராகவும் கைத்தொழிலில் நின்றனர். மேலோர் இவர்களை ‘மெக்கானிக்’ என்று ஏளனமாக அழைத்ததுமுண்டு. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது கொழும்புப் பறங்கியர் ஆயிரக்கணக்கில் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார்கள். அந்நாட்டின் வெள்ளையர் கொள்கை அப்போது நடைமுறையில் இருந்தது. உடலில் ஐரோப்பியக் குருதி எத்தனை பங்கு என்று கணக்குக் கேட்டது. வம்சாவளிப் பத்திரமும் கப்பற் கூலியும் இல்லாத மட்டக்களப்புத் தச்சன் எங்கே போவான்? உளியோடும் வாள்களோடும் இங்கேயே இருந்தான். வறுமைதான் அந்த மொழிக்கு வேலியாக நின்றது என்றால் மிகையில்லை.

அந்த மொழியை நான் முதன்முதலில் கேட்டது 1978ஆம் ஆண்டின் கடைசி மாதத்தில். நவம்பர் 23ஆம் நாள் இரவு வீசிய சூறாவளி கிழக்கிலங்கையைப் புரட்டிப் போட்டிருந்தது. தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தென்னைகள் சீப்பால் வாரிவிட்டது போல ஒரே திசையில் சாய்ந்து கிடந்தன. அப்போது நான் கொழும்புத் தமிழ்ப் பத்திரிகையொன்றின் இளம் நிருபர். கூரையில்லாத ஊரில் தச்சர்களுக்கு இரவு பகல் இல்லை. ஒரு வீட்டு வளையில் மூவர் ஏறியிருந்து சட்டம் அடித்துக்கொண்டு தமக்குள் பேசினார்கள். தமிழின் ஏற்ற இறக்கம் இருந்தது. ஒரு சொல்லும் விளங்கவில்லை. கீழே நின்றபடி என்ன மொழி என்று கேட்டேன். மூத்தவர் சுத்தியலை நிறுத்தாமலே சொன்னார்:

“போர்த்துக்கீஸ் ஐயா. ஆனா போர்த்துக்கல்காரன் வந்தாலும் விளங்காது. இது எங்கட போர்த்துக்கீஸ்.”

அவர் சொன்னது எத்துணை ஆழமான உண்மை என்பதைப் பின்னாளில் மொழியியலாளர் எழுதியவற்றைப் படித்தபோதே உணர்ந்தேன். இயன் சிமித் என்பவர் 1970களில் மட்டக்களப்பில் தங்கி இம்மொழியை ஆராய்ந்தவர். அவர் காட்டிய செய்தி இதுதான்: சொற்கள் போர்த்துக்கேயம், கட்டமைப்புத் தமிழ். லிஸ்பனில் வினைச்சொல் வாக்கியத்தின் நடுவே வரும். மட்டக்களப்பில் அது தமிழைப் போல இறுதிக்கு வந்துவிட்டது. போர்த்துக்கேயத்தில் பெயருக்கு முன்னால் நிற்கும் ‘பாரா’ என்ற சொல், இங்கே தேய்ந்து ‘ப’ என்றாகி, நம்முடைய வேற்றுமை உருபுகள் போலப் பெயரின் பின்னால் ஒட்டிக்கொண்டது. ‘பேசு’ என்று பொருள்படும் வினை, நம்முடைய ‘என்று’ செய்யும் வேலையைச் செய்யக் கற்றுக்கொண்டது. ‘எனக்குப் பசிக்கிறது’ என்று நாம் நான்காம் வேற்றுமையில் சொல்வதைப் போலவே அவர்களும் சொல்கிறார்கள்.

19ஆம் நூற்றாண்டில் மெதடிஸ்த மிசனரிமார் இம்மொழியில் விவிலியம் அச்சிட்டார்கள். அந்த நூல்களில் வாக்கிய அமைப்பு இன்னமும் ஐரோப்பாவின் பக்கமே சாய்ந்திருக்கிறது. அச்சேறிய மொழியைப் பார்க்கிலும் வீட்டில் வழங்கிய மொழி தமிழை மிக நெருங்கிவிட்டது. பேரரசோ பாடசாலையோ இதைச் செய்யவில்லை. ஒரே கிணற்றில் நீர் அள்ளியதும், ஒரே சந்தையில் மீன் வாங்கியதும், ஒருவர் வீட்டுச் சாவுக்கு மற்றவர் போனதும் செய்த வேலை அது. இரு சாதியார் எத்தனை காலம் எத்துணை நெருங்கி வாழ்ந்தனர் என்பதற்கு நிலப்பத்திரமோ கல்வெட்டோ தர முடியாத சான்றை ஒரு வேற்றுமை உருபு தருகிறது.

கொடுக்கல் ஒரு பக்கமாக மட்டும் இருக்கவில்லை. ஈழத்துத் தமிழர் வீடொன்றைச் சுற்றி வாருங்கள். விறாந்தையில் கதிரை, உள்ளே மேசை, வாங்கு, அலுமாரி, குசினியில் கோப்பை, காலைக்குப் பாண், முகம் துடைக்கத் துவாய், சட்டைப்பையில் லேஞ்சி, காலுக்குச் சப்பாத்து, முற்றத்தில் குழி தோண்ட அலவாங்கு. அத்தனையும் போர்த்துக்கேயச் சொற்கள். ஒல்லாந்தர் விட்டுப்போனவை கந்தோர், லாச்சி, போஞ்சி, கக்கூசு போன்ற சில. ஆட்சியைப் பிடித்தவன் கந்தோரைத் தந்தான். வீட்டைச் செய்து தந்தவனோ வீட்டில் உள்ள பொருளின் பெயர்களைத் தந்தான். கதிரையும் அலுமாரியும் செய்த தச்சர்களைக் கண்ட மட்டக்களப்பாருக்கு இதில் வியப்பில்லை.

கொய்யா, அன்னாசி என்ற பெயர்கள் இன்னும் நெடுந்தூரப் பயணிகள். கொய்யா என்பது கரிபியன் தீவுகளின் பழங்குடியினர் வாயிலிருந்து ஸ்பானியர் எடுத்து, போர்த்துக்கேயர் கொண்டுவந்த சொல் என்பர். மிளகாயும் அந்தப் பக்கத்துச் செடியே. கொலம்பஸ் 1492இல் கண்ட தீவுகளில் அதைத்தான் மக்கள் காரத்துக்குச் சேர்த்தனர். மட்டக்களப்பில் மிளகாயைக் ‘கொச்சிக்காய்’ என்பார்கள். கொச்சித் துறைமுகம் வழியாக வந்த காய் என்று அது வந்த வழியைப் பெயரிலேயே சொல்லி வைத்திருக்கிறார்கள்.

கரிபியனைப் பற்றிப் பேச்சு வந்ததால் அங்கே ஒரு தீவை எட்டிப் பார்ப்போம். வெனிசுவேலாவுக்கு வடக்கே குராசோ என்ற சிறு தீவு. அதை ஒல்லாந்தர் ஸ்பானியரிடமிருந்து பிடித்தது 1634இல். மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்ததற்கு நான்கு ஆண்டுகள் முன்னர். ஒன்றைப் பிடித்தது மேற்கிந்தியக் கம்பனி, மற்றதைப் பிடித்தது கிழக்கிந்தியக் கம்பனி. கொடி ஒன்றுதான். குராசோவிலும் மக்கள் பேசுவது ஒல்லாந்த மொழியன்று. போர்த்துக்கேயமும் ஸ்பானியமும் ஆபிரிக்க மொழிகளும் கலந்து பிறந்த பப்பியமெந்து. அங்கும் கடல் கடந்து வந்த தளபதிமாரின் மொழியை வீட்டு மொழி வென்றுவிட்டது.

ஆனால் ஒரு வேறுபாடு. பப்பியமெந்து இன்று அந்தத் தீவுகளில் மூன்று இலட்சம் பேரளவில் பேசும் மொழி. அடிமைகளும் வணிகர்களும் யூதக் குடும்பங்களும் கத்தோலிக்கக் குருமாரும் அதையே பேசினார்கள். அதில் நாளிதழ்கள் வருகின்றன. பிள்ளைகள் பள்ளியில் கற்கிறார்கள். அரூபாவில் 2003இலும் குராசோவில் 2007இலும் அது ஆட்சிமொழியானது. மட்டக்களப்பில் அதன் தூரத்து உறவுக்கு ஒரு தீவு கிடைக்கவில்லை. ஒரு மணல் திட்டே கிடைத்தது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மட்டக்களப்பு மாவட்டத்தில் பறங்கியர் ஏறத்தாழ 2,800 பேர். அவர்களுள்ளும் மூதாதையர் மொழியைப் பேசக்கூடியோர் ஒரு பகுதியினரே.

இந்த இடத்தில் ஆடல் பாடலையும் சொல்ல வேண்டும். மட்டக்களப்புப் பறங்கியர் திருமணங்களில் ‘கஃப்ரிஞ்ஞா’ என்ற நடனம் ஆடுவார்கள். வயலினும் கிட்டாரும் மேளமும் சேரும். ஆண்களும் பெண்களும் சோடி சோடியாக வரிசை கட்டி நிற்பார்கள். பெயரிலேயே ‘காப்பிரி’ இருக்கிறது; போர்த்துக்கேயர் கொண்டுவந்த ஆபிரிக்கரின் சுவடு அது. புத்தளத்துக்கு அருகே சிரம்பியடியில் வாழும் ஆபிரிக்க வழித்தோன்றல்களிடமும் இதே மொழியின் பாடல்கள் வழங்குகின்றன. இலங்கை முழுவதும் கலியாண வீடுகளில் ஆடும் பைலாவுக்கும் வேர் இதுவே. 19ஆம் நூற்றாண்டில் ஹியூ நெவில் என்ற ஆங்கில அதிகாரி திரட்டிய ஏடுகளுள் மட்டக்களப்புப் பறங்கியர் பாடல்களின் கையெழுத்துப் பிரதியும் உண்டு. அது இப்போது பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்திய நாள் நத்தார். டச் பாரில் நத்தார் என்றால் விடிய விடியப் பாட்டுத்தான். மறுநாள் காலை கடல் வந்தது. இந்த மணல் நிலத்தின் அகலம் அலையைத் தாங்கப் போதவில்லை. கடலிலிருந்து எழுந்த நீர் வீடுகளுக்கு மேலாகப் பாய்ந்து வாவியில் விழுந்தது. நாவலடியும் டச் பாரும் திருச்செந்தூரும் சில நிமிடங்களில் அழிந்தன. கல்லடித் திருச்செந்தூர் முருகன் ஆலயத்தின் கோபுரம் அன்று மணலில் சாய்ந்தது. அந்தச் சாய்ந்த கோலம் நினைவுச் சின்னமாகிவிட்டது.

2005ஆம் ஆண்டு தை மாதம் நான் அங்கே போனேன். பாடசாலையொன்றில் தங்கவைக்கப்பட்டிருந்தவர்களிடையே பறங்கிக் குடும்பங்களும் இருந்தன. என் வயதையொத்த தச்சர் ஒருவர் மூன்று நாளாக மணலைக் கிளறித் தமது ஆயுதப் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார். கிடைத்தது ஒரு சீவுளி மட்டுமே. நத்தார் இரவு ஆட்டம் நடந்ததா என்று கேட்டேன்.

“நடந்தது ஐயா. நல்லா நடந்தது,” என்றார். சற்று நேரம் சென்று, “வயலினும் போயிற்று, வாசிச்சவனும் போயிற்றான்,” என்றார்.

அந்த ஒரு வரியை நான் அன்றைய செய்தியில் எழுதினேன். இடமின்மையால் அது அச்சேறவில்லை. இறந்தோர் தொகையும் நிவாரணத் தொகையும் வந்தன. செய்தியறையின் நியாயம் அது, குறை சொல்வதற்கில்லை. ஆயினும் ஒரு சிறு மொழிக்கு என்ன நேர்ந்தது என்பதை அந்த வரியை விடச் சரியாகச் சொல்லும் புள்ளிவிவரம் எதையும் நான் பின்னர் காணவில்லை.

உயிர் தப்பியவர்களிற் பலர் கரையோரத்தை விட்டு உள்நிலத்தில் வீடு பெற்றனர். கடலுக்கு அஞ்சியவர்களுக்கு அது நல்லதே. வீடுகள் உறுதியானவை, மின்சாரமும் நீரும் உண்டு. ஆனால் ஒரே ஒழுங்கையில் பத்துப் பதினைந்து வீடுகள் அடுத்தடுத்து இருந்த காலத்தின் நெருக்கம் குலைந்தது. போர்க்காலத்தில் பிரிந்து வெளியேறியவர்கள் ஒரு பக்கம். கலப்புத் திருமணம் செய்து தமிழ்க் குடும்பங்களோடு கலந்தவர்கள் ஒரு பக்கம். பாடசாலையில் தமிழ், வேலைக்கு ஆங்கிலம், தொலைக்காட்சியில் சென்னை. பிள்ளைகள் தமிழ்ப் பிள்ளைகளாகவே வளர்கிறார்கள். அதில் தவறென்று யார் சொல்ல முடியும்? வயிற்றுப்பாட்டுக்கு உதவாத மொழியைப் பிள்ளையின் தலையில் ஏற்ற எந்தத் தாய் விரும்புவாள்?

சில ஆண்டுகளுக்கு முன், இரவுப் புகையிரதத்தில் மட்டக்களப்புக்குப் போய், நண்பரொருவர் துணையோடு ஒரு மூதாட்டியைச் சந்தித்தேன். எண்பதைக் கடந்தவர். கண் சற்று மங்கல், செவி கூர்மை. வெள்ளைச் சட்டை அணிந்து, திண்ணையில் செபமாலையோடு இருந்தார். தமிழில்தான் பேசினார், மட்டக்களப்புத் தமிழ், வாவி நீரைப் போல இழுத்து இழுத்து. வீட்டில் பழைய பேச்சுப் பேசுவதுண்டா என்று கேட்டேன்.

“பேசுறதுக்கு ஆள் வேணுமே தம்பி. அங்க இருக்கக்குள்ள பக்கத்து வீட்டுக்காரியோட வேலிக்கு மேலால பேசுவன். கடல் அவவையும் கொண்டுபோயிற்று, வேலியையும் கொண்டுபோயிற்று. மறுகா ஆரோட பேசுற?”

பிள்ளைகளோடு?

“அதுகளுக்கு விளங்கும். பதில் தமிழ்லதான் வரும். பேரப்பிள்ளைகளுக்கு விளங்கவும் மாட்டா. செபம் மட்டும் அதிலதான் சொல்றன். ஆண்டவருக்கு விளங்கும்தானே.”

சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மொழி அழிவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் அகராதியையும் இலக்கணத்தையும் நினைக்கிறார்கள். அவை இந்த மொழிக்கு ஓரளவு கிடைத்துவிட்டன. தல்காதோ என்ற கோவாக் குருவானவர் 1900ஆம் ஆண்டிலேயே இலங்கைப் போர்த்துக்கேயத்தைப் பற்றி நூலெழுதினார். சிமித்தின் ஆய்வைச் சொன்னேன். 2015 முதல் லிஸ்பன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹியூகோ கர்டோசோவும் அவர் குழுவினரும் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் பெருந்தொகையான ஒலி, ஒளிப்பதிவுகளைச் செய்து, அழிந்துவரும் மொழிகளுக்கான ஆவணக் காப்பகத்தில் சேர்த்திருக்கிறார்கள். போற்றத்தக்க பணி. நூறு ஆண்டு கழித்தும் ஒருவர் அந்தக் குரல்களைக் கேட்கலாம். ஆனால் அந்த மூதாட்டி கேட்பது காப்பகமன்று; வேலிக்கு அப்பால் ஓர் ஆள்.

ஒல்லாந்தரின் ஆணையால் அழியாத மொழி இது. ஆங்கிலேயரின் ஏளனத்தாலும் அழியவில்லை. சூறாவளியிலும் முப்பதாண்டுப் போரிலும் கிடந்து மூச்சு விட்டது. அண்டை வீடு என்ற ஒன்று இருந்தவரை அது இருந்தது. அந்த அண்டை வீடு கலைந்தபோதுதான் அதற்கு வாயடைத்தது. அரசுகள் மொழியை வாழவைக்கும் அல்லது கொல்லும் என்று நம்புகிற நாட்டில் வாழ்கிறோம். அதற்காக நாம் கொடுத்த விலையையும் அறிவோம். டச் பாரின் கதை வேறொன்றைச் சொல்கிறது.

செய்யக்கூடியது ஏதும் இல்லையா? குராசோவைப் போல ஆட்சிமொழியாக்க முடியாது, வேண்டவும் வேண்டாம். ஆனால் மட்டக்களப்பில் நூற்றாண்டைத் தாண்டிய பாடசாலைகள் இருக்கின்றன. 1814இல் இலங்கைக்கு வந்த முதல் மெதடிஸ்த மிசனரிமாருள் வில்லியம் ஓல்ட் தொடங்கியது ஒன்று. 1873இல் எழுந்த புனித மிக்கேல் கல்லூரி மற்றொன்று. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வாரத்தில் ஒரு மாலை, கேட்கத் தெரிந்தும் பேசத் தயங்கும் அந்த நடுவயதினரை, பேசத் தெரிந்த முதியோரோடு ஒரே திண்ணையில் உட்காரவைக்க ஓர் அறையும் சில கதிரைகளும் போதும். பாட்டும் ஆட்டமும் சேர்ந்தால் இளையோர் தாமாகவே வருவார்கள். கஃப்ரிஞ்ஞாவின் மெட்டு இன்னும் அவர்களுக்கு மறக்கவில்லை. முதியோர் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். காலம் தாழ்த்தினால் காப்பகம் மட்டுமே மிஞ்சும்.

இதில் நமக்கென்ன என்று தமிழ் வாசகர் கேட்கலாம். அந்த மொழியின் எலும்புக்கூடு தமிழ் என்பதை மேலே சொன்னேன். நம்முடைய தமிழின் இலக்கணத்தை நானூறு ஆண்டுகளாகத் தன் வீட்டுக்குள் வைத்துப் பேசிய அயலவர் அவர். அவர் பேச்சு நின்றால், கிழக்கிலங்கையில் மனிதர் ஒருவரோடு ஒருவர் எவ்வாறு கலந்து வாழ்ந்தனர் என்பதற்கான உயிருள்ள சாட்சியொன்று வாய்மூடும். தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் என்று பிரித்து எண்ணிப் பழகிவிட்ட இந்தக் காலத்தில் அந்தச் சாட்சி நமக்கு முன்னெப்போதையும் விடத் தேவை.

அந்தத் திண்ணையிலிருந்து எழுந்தபோது, ஆறு வயதுப் பேத்தி உள்ளேயிருந்து ஓடி வந்தாள். “அம்மம்மா, குசினியில தேத்தண்ணி ஊத்தியாச்சாம், கோப்பையைக் கொண்டரட்டாம்,” என்று கூவினாள். மூதாட்டி என் பக்கம் திரும்பி, “பாருங்க, போர்த்துக்கீஸ் தெரியாது எண்டு சொல்றாள்,” என்றார்.